மூன்று படமும் மூன்று கதை சொன்னால்: சுண்டெலி மார்பகக் கட்டிப் படமெடுப்பில் பிழை தேடும் முறை

ஒரே சுண்டெலியை ஒளிர்வுப் படம், பெட்-சிடி, எம்ஆர்ஐ என்று மூன்றிலும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது வரும் தொல்லைகளை, கண்ணில் படும் அறிகுறியை வைத்து இங்கே பிரித்திருக்கிறேன். பால்ப்/சி ரக எலியில் 4டி1 என்ற சுண்டெலி மார்பகப் புற்றுச் செல், முடியில்லாத நியூட் எலியில் எம்டிஏ-எம்பி-231 என்ற மனித மார்பகப் புற்றுச் செல், இந்த இரண்டையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். செல்லுக்குள் மின்மினியின் லூசிஃபெரேஸ் புரதத்துக்கான மரபணுவைப் புகுத்தியிருக்கும்; லூசிஃபெரின் என்ற பொருளை எலிக்கு ஊசியாகப் போட்டால் அந்தச் செல் ஒளிரும், அதைக் கேமராவில் பிடிப்பதுதான் ஒளிர்வுப் படம். கட்டி வைக்கும் இடம் நான்காவது ஜோடிப் பால்சுரப்பியின் கொழுப்புத் திட்டு, அதாவது பின்னங்கால் தொடைக்கு ஒட்டிய இடம். இதை நினைவில் வையுங்கள், பாதித் தொல்லை அங்கிருந்துதான் வருகிறது.

வேலூரில் எல்லாக் கருவியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் பாக்கியம் பலருக்கு இல்லை. கேமரா காட்பாடிப் பக்கம், ஸ்கேன் ஊருக்குள், நடுவில் பாலாற்றுப் பாலமும் கிரீன் சர்க்கிள் நெரிசலும். அதனால் படம் ஒத்துப்போகவில்லை என்றதும் மென்பொருளைத் திறந்து இரண்டையும் இழுத்து ஒட்டவைக்க உட்காராதீர்கள். முதலில் எலி, அப்புறம் ஊசி, அப்புறம் கடிகாரம். இந்த மூன்றிலும் ஒன்றும் இல்லையென்றால்தான் கம்ப்யூட்டர்.

கையில் கட்டி தட்டுப்படுகிறது, ஒளிர்வுப் படத்தில் ஒன்றும் இல்லை

ஒரு எலிக்கு மட்டுமா, கூண்டு முழுக்கவா? இதற்குப் பதில் தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள்.

ஒரு எலிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் ஊசி தவறியிருக்கும். லூசிஃபெரின் வழக்கமான அளவு கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மில்லியில் 15 மி.கி. என்று கரைத்தால் 20 கிராம் எலிக்கு 0.2 மி.லி. போகவேண்டும். அது வயிற்றறைக்குள் போகாமல் குடலுக்குள்ளோ சிறுநீர்ப்பைக்குள்ளோ தோலுக்கடியிலோ போயிருந்தால் வெளிச்சம் வராது, அல்லது மெதுவாக, அரைகுறையாக வரும். எலியின் தலையைச் சற்றுக் கீழே சாய்த்து, அதன் வலப்பக்க அடிவயிற்றில் குத்துங்கள். பெருங்குடலின் பை இடப்பக்கம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு படத்தோடு நிறுத்தாமல், ஊசி போட்டதிலிருந்து 2 நிமிடத்துக்கு ஒன்று என்று அரை மணி நேரம் எடுங்கள். சரியாகப் போன ஊசி என்றால் வெளிச்சம் ஏறி, 10 முதல் 20 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, இறங்கும். ஏறவே இல்லையென்றால் அன்றைய கணக்கில் அந்த எலியைச் சேர்க்காதீர்கள். மறுநாள் திரும்ப எடுங்கள்.

கூண்டு முழுக்க மங்கல் என்றால் லூசிஃபெரினைச் சந்தேகப்படுங்கள். கரண்ட் போய் ஃப்ரீசர் உருகி மறுபடி உறைந்த குப்பி, வெளிச்சத்தில் திறந்து வைத்த குப்பி இரண்டும் ஆகாது. சோதிக்க எலியைத் தொடவே வேண்டாம். அதே செல்லைத் தட்டில் வைத்து அதே குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டு கேமராவில் பாருங்கள். புதுக் குப்பியில் ஒளிர்ந்து பழையதில் ஒளிராவிட்டால் விடை கிடைத்துவிட்டது. இரண்டிலும் இல்லையென்றால் செல்லே லூசிஃபெரேஸ் மரபணுவை அடக்கியிருக்கும். தேர்வு மருந்து (மரபணு இல்லாத செல்லைக் கொல்லும் மருந்து) இல்லாமல் நாள்பட வளர்த்தால் அப்படி ஆகும். தட்டில் ஒளிர்கிறது, எலிக்குள் வாரம் செல்லச் செல்ல மங்குகிறது என்றால், பால்ப்/சி எலிக்கு நோய் எதிர்ப்பு முழுசாக இருக்கிறது, மின்மினியிடமிருந்து வந்த புரதத்தை அது அந்நியன் என்று கண்டுகொண்டிருக்கலாம். கட்டி வளர்ந்தாலும் ஒளிரும் செல்கள் குறையும்.

குளிர்ந்த எலியும் மங்கலாகத்தான் தெரியும். மயக்கத்தில் உடம்பு சூடு இறங்கினால் ரத்த ஓட்டம் சுருங்கி லூசிஃபெரின் கட்டிக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். கேமராவின் அடித்தட்டு 37 டிகிரியில் இருக்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள். திரையில் காட்டும் எண்ணை மட்டும் நம்பவேண்டாம்.

கட்டி பெரிதாகிறது, வெளிச்சம் குறைகிறது

இதைப் பிழை என்று நினைத்து எலியைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. பிழை இல்லை. லூசிஃபெரேஸ் வேலை செய்ய லூசிஃபெரினோடு ஆக்சிஜனும் ஏடிபியும் மக்னீசியமும் வேண்டும். கட்டி பெரிதானால் நடுப்பகுதிக்கு ரத்தம் எட்டாமல் செல்கள் செத்துப்போகும். காலிப்பர் வைத்து நீளம், அகலம் அளந்து, நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கும் சூத்திரத்துக்குச் செத்ததும் உயிரோடிருப்பதும் ஒன்றுதான். கேமராவுக்கு அப்படி இல்லை.

மூன்று முறைகளையும் சேர்த்து எடுப்பதன் பலன் இங்கேதான் தெரியும். எம்ஆர்ஐயில் டி2 படம் எடுத்தால் நடுவில் நீர் கோத்த பகுதி வெளுப்பாகத் தெரியும். எஃப்டிஜி (கதிர் வீசும் ஃப்ளோரின்-18 ஒட்டிய சர்க்கரை) போட்டு எடுக்கும் பெட் படத்தில் கட்டி வளையமாக, நடுவே ஓட்டையோடு வரும். ஒளிர்வு குறைந்து, வளையமும் தெரிந்தால் மூன்றும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கட்டியின் மேல் தோல் புண்ணாகிப் பொருக்குத் தட்டியிருந்தால் அந்தக் கறுத்த பொருக்கே வெளிச்சத்தைக் குடித்துவிடும். அந்த நிலையில் படத்தைவிட முக்கியம், விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில் எழுதியிருக்கும் நிறுத்த எல்லையை எலி தாண்டிவிட்டதா என்பது.

ஒளிரக்கூடாத இடத்தில் ஒளிர்கிறது

வயிறு முழுக்க மினுங்குகிறது, அதுவும் ஒளிர்வுப் படத்தில் இல்லை, ஃப்ளூரசன்ஸ் படத்தில் (வெளியிலிருந்து ஒளி பாய்ச்சி, சாயம் திருப்பி உமிழும் ஒளியைப் பிடிப்பது) என்றால் தீனியைப் பாருங்கள். சாதாரண எலித் தீனியில் குதிரைமசால் கலந்திருக்கும். அதன் பச்சையம் குடலில் இருந்துகொண்டு, நாம் சாயம் தேடும் அதே செந்நிற எல்லையில் தானும் ஒளிரும். குதிரைமசால் இல்லாத தீனிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மாற்றினால் போதும். ஆனால் கூண்டின் அடியில் கிடக்கும் பழைய துணுக்கையும் எலி தின்னும், ஆகவே கூண்டையும் மாற்றுங்கள்.

கட்டியைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம், நுரையீரல் பக்கம் லேசான கசிவு என்றால் அது பரவிய புற்றா, முதன்மைக் கட்டியின் சிதறலா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 4டி1 நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று தானாகவே பரவும் ரகம் என்பதால் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. முதன்மைக் கட்டியைக் கறுப்புத் தாளால் மூடி, நேரம் கூட்டி மார்புப் பகுதியை மட்டும் தனியாக எடுங்கள். நிறம் மாற்றும் பட்டியை இழுத்து நுரையீரல் "தெரியவைப்பது" கெட்ட பழக்கம். 16 பிட் கேமராவில் 65,535 எண்ணிக்கையைத் தொட்ட புள்ளி நிரம்பி வழிந்துவிட்டது, அதிலிருந்து கிடைக்கும் எந்த எண்ணும் செல்லாது.

அப்புறம் ஒரு விஷயம், பெட் எடுத்த எலியைச் சூட்டோடு கேமராவில் வைத்தால் லூசிஃபெரின் போடாமலே ஒளிரும். ஃப்ளோரின்-18 உமிழும் பாசிட்ரான் திசுவுக்குள் ஓடும்போது செரன்கோவ் ஒளி எழும். மங்கல்தான், ஆனால் நேரம் கூட்டி எடுக்கும் படத்தில் நன்றாகவே தெரியும். அதனால் வரிசை எப்போதும் ஒளிர்வுப் படம் முதலில், பெட் பிறகு.

பெட் படத்தில் கழுத்தும் தோளும் எரிகின்றன, கட்டி மங்கல்

வேலூருக்கே உரிய முரண் இது. சித்திரை வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும், நாம் கைக்குட்டையோடு அலைவோம். உள்ளே எலி குளிரில் இருக்கும். அனிமல் ஹவுஸ் ஏசி 22 டிகிரி என்பது நமக்குச் சுகம். எலிக்கு உடம்புச் சூட்டைக் காக்கக் கூடுதல் உழைப்பில்லாத வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி. குளிர்ந்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பழுப்புக் கொழுப்பு வேலை செய்யத் தொடங்கி, நாம் கட்டிக்குப் போட்ட எஃப்டிஜியை எல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும்.

கூண்டு கழுவும் அண்ணன் ஒருவர் இதைப் படம் பார்க்காமலே சொன்னார்: "இன்னா மேடம், எலிங்க எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி மூலைல சுருண்டுக்கினு கீது, ஏசிய கொஞ்சம் கொறைங்களேன்." அன்றைக்கு எடுத்த படங்களில் கழுத்து எல்லாம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. சுருண்டு கிடக்கும் எலிகளுக்கு எஃப்டிஜி போடவேண்டாம். ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே கூண்டை 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், ஊசிக்குப் பிறகும் ஸ்கேன் வரை அதே சூடு இருக்கட்டும். நடுவில் ஏசி வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனால் செய்ததெல்லாம் வீண்.

கழுத்து சரி, ஆனால் உடம்புத் தசை முழுக்க ஏறியிருக்கிறது என்றால் எலி விழித்து ஓடியாடியிருக்கிறது. ஊசிக்குப் பிறகு காத்திருக்கும் நேரத்திலும் மயக்கம் கொடுங்கள். மயக்கத்துக்குக் கெட்டமின்-சைலசின் போட்டால் ரத்தச் சர்க்கரை ஏறும், அந்தச் சர்க்கரை எஃப்டிஜியோடு போட்டிபோடும், கட்டி மங்கும். ஐசோஃப்ளூரேன்தான் இதற்கு நல்லது. நாலைந்து மணி நேரம் தீனியை எடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள், வாலில் ஒரு சொட்டு எடுத்து சர்க்கரை பார்த்துக் குறித்துவையுங்கள். மூளை, இதயம், சிறுநீர்ப்பை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டேரியன் சுரப்பி எரிவது இயல்பு, அதற்குப் பயப்படவேண்டாம்.

பெட் எண்கள் எலிக்கு எலி தாறுமாறாக வருகின்றன

வாலைப் பாருங்கள். படத்தின் எல்லைக்குள் வால் வரும்படி எடுப்பதே பலருக்குப் பழக்கமில்லை, அதனால் தவறு மறைந்துபோகிறது. எஃப்டிஜி வால் சிரைக்குள் போகாமல் வெளியே தங்கியிருந்தால் வாலில் ஒரு புள்ளி பளிச்சென்று நிற்கும், கட்டிக்குப் போனது எவ்வளவு என்ற கணக்கே பொய்யாகிவிடும்.

ஊசி போடும்போதே இது தெரியும். வாலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, துடைத்து, கால் திருப்பம் திருப்பினால் பக்கவாட்டில் மெல்லிய நீலக் கோடு எழும். நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஊசியை ஏறத்தாழப் படுக்கையாக நுழையுங்கள். முதல் சொட்டு போகும்போது நீலக் கோடு ஒரு கணம் வெளுத்து ஓடினால் உள்ளே இருக்கிறீர்கள். பிஸ்டன் தடுத்தாலோ, தோலுக்கடியில் வெள்ளையாகப் பொங்கினாலோ நிறுத்துங்கள், தள்ளாதீர்கள். இப்படி நுனிப் பக்கமாக ஆரம்பித்தால்தான் அடுத்த முயற்சிக்கு மேலே இடம் இருக்கும். வாலில் தங்கிய அளவு சிறிதென்றால் அதைக் கழித்துக் கணக்கிடலாம். பெரிதென்றால் அந்த எலியை ஒதுக்குங்கள்.

வால் சுத்தமாக இருந்தும் எண் தாறுமாறு என்றால் கடிகாரம். ஃப்ளோரின்-18 பாதியாகக் கரைய, அதாவது அதன் அரையாயுள், 110 நிமிடம்தான். சென்னைப் பக்கமிருந்து வரும் எஃப்டிஜி ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் மாட்டி மூன்று மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமிருக்காது. அப்போது அதே கதிரியக்கம் வேண்டுமென்று ஊசியின் கன அளவைக் கூட்டுகிறோம், அது எலியின் சின்ன உடம்புக்குப் பாரம். ஆகவே வண்டி வந்த பிறகு திட்டம் போடாமல், தாமதமானால் எந்த எலிகளை விடுவது என்று முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள். கதிர் அளக்கும் கருவியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் 10 நிமிடம் விலகினாலே எண் 6 சதவீதம் தவறும். கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஊசியில் ஒட்டிக்கொண்ட மிச்சத்தையும் அளந்து கழியுங்கள்.

சின்னக் கட்டி மட்டும் குறைவாகக் காட்டினால் வேறு காரணம். சுண்டெலி பெட் கருவியின் கூர்மை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான். அதைவிட இரண்டு மடங்குக்கும் குறைவான கட்டியின் ஒளி சுற்றிலும் கரைந்து எண் தாழும். எம்ஆர்ஐயில் அளந்த உண்மையான பருமனை வைத்துத் திருத்தலாம். திருத்தாமல் "சின்னக் கட்டி சர்க்கரை குறைவாக எடுக்கிறது" என்று எழுதினால் அது கருவியின் குணம், கட்டியின் குணம் அல்ல.

இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை

எப்படி விலகுகிறது என்று பாருங்கள், அதிலேயே காரணம் இருக்கிறது.

கட்டி வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கம் தாவியிருந்தால் கண்ணாடி மாற்றம். எலி ஒரு கருவியில் குப்புற, இன்னொன்றில் மல்லாக்க. அல்லது தலை முன்னால், வால் முன்னால் என்று பதிவில் தவறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் உடம்பில் இது கண்ணுக்குத் தப்பிவிடும். மயக்கத்தில் இருக்கும் எலியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் குழாய்க் குறி ஒட்டிவிடுங்கள், எல்லாப் படத்திலும் தெரியும்படி. எம்ஆர்ஐக்கும் பெட்டுக்கும் சேர்த்து, நுண்குழாயில் மிகக் குறைந்த எஃப்டிஜி கலந்த நீரை அடைத்து இரண்டு முனையும் மூடினால் போதும்.

எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தால் படுக்கை நகர்ந்தது. மென்பொருள் ஒரு நொடியில் சரிசெய்யும். நடுவில் சரி, ஓரம் போகப் போக விலகுகிறது என்றால் ஒரு படத்தின் அளவுகோலே தவறு. அளவு தெரிந்த பிளாஸ்டிக் மாதிரியை இரண்டிலும் எடுத்துப் பாருங்கள்.

மண்டை ஓடும் முதுகெலும்பும் கச்சிதமாகப் பொருந்தி, கட்டி மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறதா? பின்னங்கால். நான்காவது சுரப்பி தொடையோடு ஒட்டியது. கால் நீட்டியிருந்தால் கட்டி ஓரிடத்தில், மடங்கியிருந்தால் வேறிடத்தில். குப்புறப் படுத்தால் அமுங்கித் தட்டையாகும். சிறுநீர்ப்பை நிரம்பினால் அடிவயிறு தள்ளும். எலும்பை வைத்துத் திருப்பி நகர்த்தும் முறை எதுவும் இதைச் சரிசெய்யாது. வளைத்து நெளிக்கும் முறையை ஓட்டினால் கட்டி உண்மையிலேயே வளர்ந்த அளவையும் சேர்த்து நசுக்கிவிடும், அதனால் வாரவாரியான ஒப்பீட்டில் அதைத் தவிருங்கள் என்பது என் அபிப்பிராயம். மூன்று கருவிக்கும் பொருந்தும் ஒரே பிளாஸ்டிக் படுக்கை செய்துகொள்ளுங்கள், கால்களை நீட்டி டேப் போட்டு ஒட்டுங்கள், எலியை அதிலிருந்து எடுக்காமலே படுக்கையோடு கொண்டுபோங்கள். பாலம் தாண்டிப் போகும் தூரம் என்றால் மயக்கத்திலேயே வண்டியில் ஏற்றவேண்டாம். அந்த நாளில் ஒளிர்வுப் படத்தைத் தனியாக வைத்து, பெட்-சிடி, எம்ஆர்ஐ இரண்டை மட்டும் ஒட்டுங்கள்.

ஒளிர்வுப் படம் மற்ற இரண்டோடு மில்லிமீட்டர் துல்லியத்தில் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதே தவறு. உள்ளங்கையை மூடி டார்ச் அடித்தால் எலும்பு தெரியாமல் கை முழுக்கச் சிவக்குமே, அதுபோல ஒளி திசுவில் சிதறி, தோலுக்குக் கிட்டிய வழியாக வெளியே வரும். தோலில் பார்க்கும் புள்ளிக்கு நேர் கீழே கட்டி இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 600 நானோமீட்டருக்குக் கீழான நிறங்களை ஹீமோகுளோபின் விழுங்கிவிடும், ஆழத்திலிருந்து சிவப்பு மட்டுமே தப்பும். அந்தப் படத்தை "இருக்கிறதா, கூடுகிறதா குறைகிறதா" என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். "எங்கே" என்பதை எம்ஆர்ஐயிடம் கேளுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

எம்ஆர்ஐயில் உடம்புக்கு நிழல் நிழலாக நகல் விழுந்தால் மூச்சு அசைவு. மூச்சு உணரியை வயிற்றுக்கடியில் சரியாக வைத்து மூச்சோடு இணைத்து எடுங்கள். தலைப் பக்கம் கறுப்புக் குழி என்றால் காதில் உலோகப் பட்டை. எம்ஆர்ஐக்குப் போகும் எலிக்கு ஆரம்பத்திலேயே காதில் துளை அடையாளம் போட்டுவிடுங்கள், உலோகம் காந்தத்துக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. சிடியில் கட்டியே தெரியவில்லை என்றால் இயல்பு. மென்திசுக்களுக்குள் வித்தியாசம் காட்ட சிடிக்கு அயோடின் மருந்து வேண்டும். அல்ட்ராசவுண்டில் வெள்ளைப் பட்டையும் அதற்குக் கீழே இருட்டும் என்றால் முடியில் சிக்கிய காற்று. முடியை நன்றாக நீக்கி, ஜெல்லைச் சூடாக்கி, குமிழி போகும்வரை காத்திருங்கள்.

மருந்து கொடுத்த பிறகு ஒரு படம் குறைகிறது என்கிறது, ஒரு படம் கூடுகிறது என்கிறது

ஆராய்ச்சியின் முடிவையே மாற்றிவிடக்கூடியது இந்த அறிகுறிதான். லூசிஃபெரின் செல்லிலிருந்து வெளியேற்றப்படும் வழிகளில் ஒன்று ஏபிசிஜி2 என்ற பம்பு. மார்பகப் புற்று மருந்து எதிர்ப்புப் புரதம் என்றே அதற்குப் பெயர், மார்பகப் புற்றுச் செல்லில்தான் அதை முதலில் கண்டார்கள். நீங்கள் கொடுக்கும் மருந்து அந்தப் பம்பை அடைத்தால் லூசிஃபெரின் உள்ளே தங்கி, செல் கூடாமலே வெளிச்சம் கூடும். மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் ஏறினால் அது வளர்ச்சி அல்ல, எந்தக் கட்டியும் அவ்வளவு சீக்கிரம் வளராது. மருந்துக்கும் படத்துக்கும் இடைவெளி கொடுத்து மறுபடி பாருங்கள்.

எஃப்டிஜி கூடினால் அழற்சியாக இருக்கலாம். சாகும் செல்லைச் சுத்தம் செய்ய வரும் மேக்ரோஃபேஜும் சர்க்கரை தின்னும். எம்ஆர்ஐயில் கட்டி பெரிதானால் நீர்க்கோப்பாக இருக்கலாம். டாக்சோரூபிசின் கொடுத்த எலியில் ஃப்ளூரசன்ஸ் எடுத்தால் மருந்தே செந்நிறத்தில் ஒளிரும். இதையெல்லாம் படத்துக்குள் உட்கார்ந்து தீர்க்க முடியாது. சில எலிகளை நடுவிலேயே எடுத்து, எம்ஆர்ஐ வெட்டின் அதே கோணத்தில் கட்டியை அறுத்து, மேல் எது பக்கம் எது என்று இந்தியன் மையால் குறித்து, திசு ஆய்வுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் கேட்கும்போதே இந்த எலிகளையும் எண்ணிக்கையில் சேர்த்துக் கேட்கவேண்டும், பிறகு கேட்டால் நாளாகும்.

எலி எழவில்லை

மூன்று படமும் ஒரே நாளில் என்று பிடிவாதம் பிடித்தால் இது நடக்கும். மயக்கத்தில் கிடக்கும் நேரம் கூடக் கூடச் சூடும் நீரும் குறையும். ஐசோஃப்ளூரேன் ஆரம்பத்தில் 3, 4 சதவீதம், பிறகு 1.5 முதல் 2க்குள். மூச்சு நிமிடத்துக்கு 40க்குக் கீழே இறங்கினால் உடனே குறையுங்கள். முடிந்ததும் தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன், சூடான கூண்டு. எலி தானாக நடக்கும்வரை பக்கத்தில் இருங்கள். திரும்பத் திரும்பச் சிடி எடுக்கும் திட்டமென்றால் கதிர் அளவையும் கூட்டி எழுதிவைக்க வேண்டும், பால்ப்/சி கதிர் தாங்காத ரகம், கட்டியின் வளர்ச்சியையே அது மாற்றக்கூடும்.

பெட் எடுத்த எலிகளை அன்றைக்கே பழைய இடத்துக்கு அனுப்பாதீர்கள். சிறுநீரில் வெளியாகும் எஃப்டிஜி படுக்கைத் தூளில்தான் இறங்குகிறது. பத்து அரையாயுள், அதாவது பதினெட்டு மணி நேரத்துக்கு மேல், ஈயத் தடுப்புக்குப் பின்னால் வைத்து, சர்வே மீட்டரில் அளந்து, பதிவேட்டில் எழுதிவிட்டு, மறுநாள் கூண்டு கழுவும் அண்ணனிடம் கொடுங்கள்.